அஞ்சரை மணி வெளிச்சம்

அந்த அம்மா எங்கள் ஊருக்கு வந்து செய்த முதல் வேலை, பொட்டலில் ஒரு மூங்கிலை நட்டுவைத்துவிட்டு அதன் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. தை மாதம். காலையில் ஆடு ஓட்டிப் போனவர்கள் பார்த்தார்கள். சாயங்காலம் ஆட்டைத் திருப்பி ஓட்டி வந்தவர்களும் பார்த்தார்கள். அதே இடம், அதே கறுப்புக் குடை, அதே ஆள். மூங்கிலின் நிழல் நுனி எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கூழாங்கல்லை வைப்பார். பிறகு சும்மா இருப்பார். அரைமணி போனதும் இன்னொரு கல். சாயங்காலம் பார்த்தால் தரையில் கல்லெல்லாம் வரிசையாக, கோலம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுப் போனது மாதிரி கிடக்கும்.

"யாருக்கோ செய்வினை வைக்கிறாக போல" என்றார் கொத்தனார்.

கொத்தனார் வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரரின் தம்பி. அவரிடம்தான் நான் சித்தாளாக இருந்தேன். கல் சுமப்பது, கலவை சுமப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவது, எல்லாம் நான்தான். தண்ணீர் விடுகிற வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சுவர் குடித்து முடித்துவிட்டதா, இன்னும் தாகமாக இருக்கிறதா என்று தொட்டே சொல்லிவிடுவேன். அது இருக்கட்டும்.

"செய்வினைன்னா எலுமிச்சம்பழம் வேணும்ல. இது வெறுங்கல்லா இருக்கே" என்றேன்.

"பட்டணத்துச் செய்வினை மதினி. அவுகளுக்குக் கல்லே போதும்."

மூன்றாம் நாள் என் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அந்தக் கல் வரிசையின் நடுவே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. போதாததற்கு மூங்கிலில் முதுகைத் தேய்த்து அதையும் சாய்த்துவிட்டது. நான் அடித்துப் பிடித்து ஓடினேன். இன்றைக்கு வசவு நிச்சயம் என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்து மூங்கிலை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பரவாயில்லக்கா. நாளைக்கும் வெயில் வரும்" என்றார்.

இப்படிச் சொல்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மறுநாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்னால் சும்மா உட்கார முடியாது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி வந்த கதை, என் மூத்த மகள் நிச்சயம் பண்ணின அன்று சாம்பார் பொங்கி அடுப்பு அணைந்த கதை, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருப்பார். அரைமணி ஆனதும் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். நான் நிறுத்திக்கொள்வேன். கல்லை வைப்பார். விரலை இறக்கிவிட்டு, "சொல்லுங்க. சாம்பார் பொங்கிடுச்சு" என்பார். விட்ட இடத்தை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

வயது நாற்பத்தைந்து இருக்கும். பாதித் தலை நரை, சாயம் பூசமாட்டார். ஆம்பிளை கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார். விரல் இடுக்கில் எப்போதும் சாக்பீஸ் தூள். பெயர் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லாரும் இஞ்சினியரம்மா என்போம்.

அவர் வந்தது ஸ்டேடியம் கட்ட. போர்டில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கிறதாம், எங்களுக்கு அது ஸ்டேடியம்தான். வீரபாண்டியிலிருந்து கம்பம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாலிபால் என்றால் உயிர், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் திறந்த மைதானத்தில் ஆடி மாதம் வந்தால் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய் வாழைத்தோப்பில் போட்டுவிடும். மற்ற மாதங்களில் ரோட்டில் போகிற வண்டியெல்லாம் மைதானத்துப் பக்கம் வந்ததும் மெதுவாகும். பெண்பிள்ளைகள் விளையாடும்போது மட்டும் எல்லாருக்கும் வண்டி ரிப்பேர். இதற்காகத்தான் சுவர் வைத்த கட்டடம் வேண்டும் என்று முடிவாயிற்று.

சுவர் என்றதும் அப்பன்மார்களுக்கு வேறு பயம் வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். நானும் ஓரமாக நின்றேன்.

"நாலு பக்கமும் மூடுன கட்டடம். கரண்டு போச்சுன்னா உள்ள குருட்டு இருட்டு. பொம்பளப் பிள்ளைகள அதுக்குள்ள விட்டுட்டு நாங்க எப்புடி நிம்மதியா இருக்குறது?" என்றார் ஒருவர்.

இஞ்சினியரம்மா அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்து நிழல் கூட்டத்தின் நடுவே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, "பிள்ளைங்க எத்தனை மணிவரைக்கும் விளையாடுவாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சரை வரைக்கும். அதுக்கு மேல வீட்டுல இருக்கணும்."

"அஞ்சரை வரைக்கும் ஒரு பல்புகூடப் போடாம உள்ள பந்து தெரியும். வருசத்துல எந்த நாளானாலும். அப்படித்தான் கட்டப்போறேன்."

"தெரியலேன்னா?" என்றார் தலைவர்.

"தெரியலேன்னா பொண்ணுங்கள அனுப்பாதீங்க."

"அப்ப கட்டடத்த என்ன பண்றது?"

"நீங்களே சொல்லுங்க."

"வாழைத்தாரு அடுக்கிக்கிருவோம்" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி நிழலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தலைவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது அப்படியே ஊர்ப்பேச்சாக நின்றுவிட்டது. வெளிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் வாழைத்தாருக்கு.

இஞ்சினியரம்மா தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுச் சொந்தக்காரி கீழேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, ஒங்க இஞ்சினியரம்மா தரையெல்லாம் சாக்பீஸு கோடு போட்டு வச்சிருக்கு. பேய் ஓட்டுன வீடு மாதிரி கெடக்கு. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

மேலே போனேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. நாற்காலி சன்னலைப் பார்த்துக் கிடந்தது. தரையில் சன்னல் வெயில் விழுந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் மணி எழுதியிருக்கிறதாம். எனக்கு எழுத்து தெரியாது, அவர் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது ஆள் உட்கார நாற்காலி இல்லை. கோட்டை அழிக்காமல் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா நாற்காலியை எனக்குக் கொடுத்து, தான் கட்டத்துக்குள் உட்கார்ந்தார். குழம்பு காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வர வர, "நல்லா இருக்குக்கா" என்று சாப்பிட்டார்.

அப்போது போன் வந்தது. எடுத்து, "அம்மா காதுல வைங்க" என்றார் எதிர்ப்பக்கம் இருந்தவரிடம். பிறகு பேசினார். "இன்னிக்குக் காலைல மேகம்மா. பதினொரு மணிக்கு மேலதான் வெளுத்துச்சு. மலை நல்லாத் தெரிஞ்சது. சாயங்காலம் மஞ்ச வெயில்." அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"அம்மாவுக்குப் பேச்சு வராது. கேக்கும்னு டாக்டர் சொன்னார்" என்றார் என்னிடம்.

"ஒங்களுக்கு வேற ஆளுக...?"

"இல்லக்கா."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. அக்கினிச்சட்டி எடுக்கிற கூட்டம், ராட்டினம், பொரிகடலை என்று மண் தெரியாத கூட்டம். இந்த அம்மா தனியாகப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக் கரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தாவக் கும்புட்டாச்சா?" என்றேன்.

"கூட்டம் குறையட்டும்க்கா."

"யாத்தே! எட்டு நாளைக்குக் கூட்டம் குறையாது. ஒங்கள மாதிரி காத்துக்கிட்டு இருந்தா ஆத்தாளே எந்திரிச்சு வந்து ஒங்களக் கும்புட்டாத்தேன் உண்டு."

அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்து முதல்முறை பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன். கூட்டத்துக்குள் என் கையை விடவே இல்லை. பழக்கம் இல்லாத கை, அப்படியா பிடிப்பது? என் வளையல் ஒன்று உடைந்துபோயிற்று.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

வைகாசி பிறந்ததும், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குக் கிளம்பினார். கொத்தனாரிடம் வரைபடத்தைக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பொட்டலில் நிறுத்தினார். தெற்கே ரோடு. வடக்கே தூரத்தில் கொடைக்கானல் மலை.

"அக்கா, உங்களுக்குப் படம் வேண்டாம். மலையைப் பாருங்க. கட்டடத்தோட நீளச் சுவருக்கு நேரா நின்னா, அந்த மலை உங்க நெத்திக்கு நேர் இருக்கணும். அந்தப் பக்கம்தான் பெரிய சன்னல். வாசல் ரோட்டுப் பக்கம். நூல் பிடிக்கும்போது இதை மட்டும் பாத்துக்குங்க. மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கிறேன்."

எழுத்துத் தெரியாதவளை நம்பி ஒரு கட்டடத்தையே கொடுத்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பார்த்தவர்களிடமெல்லாம் மலையைக் காட்டி விளக்கம் சொன்னேன்.

அவர் பத்து நாளில் வருவதாகச் சொன்னார். வரவில்லை. வைகாசி வாஸ்து நாள் வந்துவிட்டது. அதை விட்டால் ஆனியில் தொடங்கக்கூடாது, ஆடியில் எங்கள் ஊரில் ஒருவரும் தொடங்கமாட்டார்கள். விட்டால் ஆவணிதான். பூசையைப் போட்டுவிடுவோம் என்றார்கள். கொத்தனார் வரைபடத்தைப் பார்த்து முளைக்குச்சி அடித்தார். மஞ்சள், குங்குமம், தேங்காய், ஐந்து சுமங்கலிகள் எல்லாம் தயார். தலைவர் வந்து பார்த்தார்.

"வாசல் எந்தப் பக்கம்டா?"

"தெக்க அண்ணே. ரோட்டுப் பக்கம்."

"தெக்கு வாசலா? எமன் வர்ற தெசைடா அது. நம்ம பிள்ளைக காலெடுத்து வைக்கிற எடம். கிழக்கப் பாத்துத் திருப்பு."

"படத்துல இப்புடித்தேன் இருக்கு அண்ணே. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

இரண்டு தடவை போன் போட்டார்கள். எடுக்கவில்லை. பூசாரி நேரம் போகிறது என்றார்.

"கட்டடத்தக் கூட்டவா சொல்றேன், குறைக்கவா சொல்றேன்? அதே நீளம், அதே அகலம். கட்டில திருப்பிப் போடுற மாதிரி திருப்பிப் போடு. இதுக்கு எதுக்குடா போனு?" என்றார் தலைவர்.

அங்கே நின்ற எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போடாத ஆள் உண்டா? குச்சியைப் பிடுங்கி மாற்றி அடித்தார்கள். கொத்தனார் நூலின் ஒரு நுனியைப் பிடித்தார். இன்னொரு நுனி என் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றிக்கு நேரே இருக்கவேண்டிய மலை என் தோள்பட்டைப் பக்கம் நின்றது. பெரிய சன்னல் வைக்கவேண்டிய சுவர் இப்போது மேற்கே பார்த்தது, நேராகச் சாயங்கால வெயிலைப் பார்த்து.

நான் பேசவில்லை. நாள் முழுக்க ஓயாத என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஆம்பிளைகள் நிற்கிறார்கள், பூசை நேரம், கொழுந்தன் பிழைப்பு, சித்தாளுக்கு என்ன திசை தெரியும் என்று கேட்பார்கள் என்று என்னென்னவோ நினைத்தேன். எல்லாம் சாக்கு. நூலைத் தளர்த்தியிருக்கலாம். இறுக்கித்தான் பிடித்தேன்.

ஆனி முடிகிற சமயம் அந்த அம்மா திரும்பி வந்தார். அதற்குள் பேஸ்மெண்ட் எழும்பிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தார். தோளில் பையோடு நின்று ஒரு தடவை மலையைப் பார்த்தார், ஒரு தடவை பேஸ்மெண்டைப் பார்த்தார். வரைபடத்தை விரிக்கக்கூட இல்லை. போய் மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டார். உடம்பு பாதியாகியிருந்தது.

தலைவர் வந்து கட்டில் நியாயத்தைச் சொன்னார்.

"இடிச்சுத் திருப்பிக் கட்ட முடியுமா?" என்று கேட்டார் அவர்.

"அடியில நவதானியம் போட்டிருக்கும்மா. அஞ்சு சுமங்கலி பால் ஊத்தியிருக்காக. இடிச்சா ஊருக்கே ஆகாது. அந்தப் பேச்சே வேணாம்."

"சரி."

அந்த ஒரு வார்த்தைதான். யார் செய்தது, ஏன் செய்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பழைய மூங்கிலைத் தேடி எடுத்து வந்து, பேஸ்மெண்டுக்குள் நட்டுவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. குடை நிற்காது. மண் வாரி முகத்தில் அடிக்கும். பன்னிரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் இல்லாதபோதும் வந்து உட்கார்ந்தார். நான் செங்கல் சுமந்துகொண்டு அவரைச் சுற்றிச் சுற்றிப் போனேன். பக்கத்தில் போய் உட்காரவில்லை. ஊரில், "இஞ்சினியரம்மாவுக்குப் புத்தி பிசகிருச்சு. வாழைத்தாரு வெட்ட ஆளு சொல்லலாம்" என்று சிரித்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"நூலோட இன்னொரு நுனி என் கையிலதேன் இருந்துச்சு. மலை தோளுக்குப் போனத நான் பாத்தேன். பாத்துட்டும் பேசல" என்றேன்.

"தெரியும்க்கா."

"யாரு சொன்னாக?"

"கொத்தனார் கையில ஒரு நுனின்னா, இன்னொண்ணு உங்க கையிலதானே இருக்கும்."

"பெறகு ஏன் ஒரு வார்த்த வையல? நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட எனக்குச் சோறு எறங்கியிருக்கும்."

கடிகாரத்தைப் பார்த்தார். விரலை உயர்த்தினார். கல்லை வைத்தார். பிறகு சொன்னார்: "அம்மாவுக்குப் பதினாறாம் நாள் முடிச்சுட்டு நேரா இங்க வந்தேன். அன்னிக்கு யாரையும் திட்டணும்னு தோணலக்கா."

நான் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டேன். ஊரில் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. ஒருவரும் துக்கம் கேட்கவில்லை. நான் அழுததைப் பார்த்துத்தான் கொத்தனாரே ஓடிவந்தார். அந்த அம்மா அழவில்லை. மண் பட்ட கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார், ஏதோ என் தாய் செத்த மாதிரி.

அழுது முடித்ததும் அவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் போல இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? வாய்தான் இருக்கிறது. "எங்க வீட்டுல வைகாசி பொறந்தா சுண்டைக்கா வத்தல வடக்கு முத்தத்துலதேன் காயப்போடுவேன். வெயிலு வடக்க போயிரும். ஆவணி கழிஞ்சுதேன் தெக்க வரும். நீங்க வடக்க சன்னல் வச்சாலும் அந்த நாலு மாசம் வெயிலு உள்ள எட்டிப் பாக்கும், சொல்லிப்புட்டேன்" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

என் முற்றத்தில் எந்த மாதம் எந்த மணிக்கு வத்தல் பாயை எங்கே நகர்த்துவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காலால் தொட்டுக் காட்டினேன், அவர் கோடு போட்டார். "வெயில் வடக்க போறது படிச்சிருக்கேன்க்கா. உங்க மலையும் மேகமும் அதை என்ன பண்ணும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார். அந்தச் சாக்பீஸ் கோட்டை நான் ஒரு மாதம் பெருக்காமல் வைத்திருந்தேன். என் மருமகள் திட்டினாள்.

பிறகு புதிதாக வரைந்தார். கொத்தனாருக்கு வாயால் சொன்னார். "கட்டடம் திரும்பினது திரும்பினதாவே இருக்கட்டும். கூரை மட்டும் திரும்பாம உக்காரட்டும்."

மேற்குச் சுவரில் வைக்க இருந்த பெரிய சன்னல் எல்லாம் போயிற்று. அங்கே காற்று வர மட்டும், கீழே ஓட்டைச் செங்கல் வைத்தோம். வெளியே நின்று குனிந்தாலும் உள்ளே தெரியாது. கூரையை ஏழு படியாக மடித்தார். ஒவ்வொரு படியின் நிமிர்ந்த பக்கமும் கொடைக்கானல் மலையைப் பார்த்தது, அங்கே கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் மேலே ஒரு தொப்பி, இரண்டு பக்கமும் காது மாதிரிப் பலகை. அந்தக் காதும் தொப்பியும் என் வத்தல் வெயிலை மறிக்க. சாய்ந்த பக்கத்துக்கு உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு, வெளிச்சம் அதில் பட்டுப் பரவி இறங்கும். படிக்கும் படிக்கும் நடுவே விழுகிற மழைத்தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போயிற்று.

"என்னம்மா இது, கூரையா ரம்பமா?" என்றார் தலைவர்.

"ரம்பம்தான்" என்றார் அவர்.

என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். கட்டடம் மலையைப் பார்த்து நீளமாக நீட்டிக்கொண்டதால்தான் ஏழு படி வந்ததாம், பழைய மாதிரி என்றால் மூன்றுதான் வந்திருக்குமாம். நிஜமா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூரை ஏற ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று. ஏறிய பிறகும் அந்த அம்மா விடவில்லை. உள்ளே தரையில் எங்கேயாவது வெயில் துண்டாக விழுந்தால் சாக்பீஸால் சுற்றிவிட்டு, மேலே ஆளை ஏற்றி அந்தக் காதை ஒரு விரற்கடை நீட்டச் சொல்வார். தரையெல்லாம் வட்டம். நாளாக நாளாக வட்டம் குறைந்தது. வட்டம் போட இடம் இல்லாத அன்று, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் வெறுமனே நின்றார். வேலை முடிந்த சந்தோசம் அந்த முகத்தில் இல்லை. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

சோதனைக்கு நாள் குறித்தது கார்த்திகையில். தலைவர் வேண்டுமென்றே மழைமேகம் கட்டிய நாளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அப்பன்மார்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பிள்ளைகள் வெளியே பந்தோடு நின்றார்கள். உள்ளே போனதும் எல்லாரும் மேலே பார்த்தார்கள். மணி அஞ்சு இருபது.

"இப்பத் தெரியுது. பந்து பெருசுல்ல, தெரியத்தேன் செய்யும்" என்றார் தலைவர். "அஞ்சரைக்கு ஊசியில நூலு கோக்க முடிஞ்சா ஒத்துக்கிறேன்."

"யாரு கோக்குறது?"

"இந்தா, இந்த ஆத்தா. இது கண்ணுக்கு எருமையும் தெரியாது, யானையும் தெரியாது. இது கோத்துட்டா அப்பறம் ஒரு பேச்சும் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் கை நீட்டியது என்னைப் பார்த்து. யாரோ ஓடிப்போய்த் தையல் ஊசியும் கறுப்பு நூலும் கொண்டுவந்தார்கள். இஞ்சினியரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சரை ஆனதும் விரலை உயர்த்தினார்.

முதல் தடவை தப்பிவிட்டது. "வாழைத்தாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். வெளியே ஒரு பிள்ளை விசும்பியது கேட்டது. எச்சில் தொட்டு நூலை முறுக்கினேன். வீட்டில் கோக்கும்போது விளக்குக்கு எதிரே பிடித்தால் என் கை நிழலே ஊசிமேல் விழுந்து மறைக்கும். அதற்காக அப்படியும் இப்படியும் திரும்புவேன். இங்கேயும் பழக்கத்தில் திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊசிமேல் என் கை நிழல் விழவில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரவில்லை, பால் மாதிரி எல்லாப் பக்கமும் நின்றது. ஊசியின் காது, சின்ன ஓட்டை, தெளிவாக இருந்தது. நூல் போய்விட்டது.

ஊசியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். கத்தினேன் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகள் அப்பன்மாரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். பந்து மேலே போயிற்று. ஒருவருக்கும் கண் கூசவில்லை. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விளையாடுங்கத்தா, விளையாடுங்க" என்றார், என்னமோ அவர்தான் கட்டிக்கொடுத்த மாதிரி.

அந்தக் கூத்தில் நான் இஞ்சினியரம்மாவைத் தேடினேன். ஒரு மூலையில் குத்துக்காலிட்டு, ஈரத்துணியால் பழைய சாக்பீஸ் வட்டம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு போகஸ் லைட் கட்டி, பட்டப்பகலில் எல்லாவற்றையும் எரியவிட்டார்கள். அந்த அம்மா வாசலிலிருந்து ஒரு தடவை பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றார். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும்தான் கூடப் போனேன். பேத்தி வாங்கிக்கொடுத்த போன் என்னிடம் இருந்தது. என் நம்பரை அவர் எழுதிக்கொண்டார். "நான் கூப்பிடுறேன்" என்றார். பஸ் கிளம்பும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

கூப்பிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதத்திலேயே. எப்போதும் அஞ்சரைக்குக் கொஞ்சம் முன்னால்தான். "அக்கா, உள்ள வெளிச்சம் எப்படி இருக்கு?" என்பார். நான் கையில் வேலையைப் போட்டுவிட்டு ஸ்டேடியத்துக்கு நடப்பேன். நடக்க நடக்க ஊர்ச் சேதி எல்லாம் சொல்வேன். உள்ளே போய் நின்று பார்த்துச் சொல்வேன். "பந்து சத்தம் கேக்குது" என்பார். கொஞ்சநேரம் போனைப் பிள்ளைகள் பக்கம் பிடிப்பேன். இந்தப் போனால் நான் ஊருக்கே ஒரு ஆளாகிவிட்டேன். அஞ்சு மணி ஆனால், "ஆத்தா, மெட்ராஸு லைன் வந்திருச்சா?" என்று கேலி பேசுவார்கள். அவர் இருப்பது மெட்ராஸா, எந்த ஊரா என்று நான் கேட்டதே இல்லை. என் வாய் எங்கே கேட்க விட்டது, பேசிக்கொண்டே இருந்தால்?

போன வருசம் ஆனியில் கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது. "சளியாம்மா?" என்றேன். "ஆமாக்கா" என்றார். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அந்தச் சமயம் காற்றில் கடைசிப் படியின் இரண்டு கண்ணாடி உடைந்து, கமிட்டிக்காரர்கள் அங்கே தகரம் அடித்திருந்தார்கள். தெற்கு மூலையில் இருட்டு. பிள்ளைகள் அந்தப் பக்கம் பந்து போனால் தடுமாறினார்கள். சளியோடு இருக்கிறவரிடம் இதைப் போய்ச் சொல்லுவானேன், நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நான் பட்டது போதும்.

"ரெண்டு கண்ணாடி ஒடஞ்சு தகரம் அடிச்சிருக்காக. தெக்கு மூலை மங்கலா இருக்கும்மா" என்றேன்.

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"சொன்னது நல்லதுக்கா" என்றார்.

இருபது நாள் கழித்துத் தேனி லாரி ஆபீசிலிருந்து என் பெயருக்குப் பார்சல் வந்திருப்பதாகச் சொன்னார்கள். என் பெயருக்கு! போய்க் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்து வாங்கிவந்தேன். வைக்கோல் வைத்துச் சுற்றிய இரண்டு கண்ணாடி. அளவு கச்சிதம். கடுதாசி ஏதும் இல்லை. இருந்தாலும் எனக்கு எதற்கு?

கொத்தனாருக்கு இப்போது சாரம் ஏற முடியாது. "வயசான காலத்துல என்னைய மேல ஏத்திக் கொல்லப் பாக்குறீகளா மதினி?" என்றார். "நீங்க கீழ நின்னு ஏசுங்க, அது போதும். ஏற ஆளு கூட்டிட்டு வாங்க" என்றேன். பொருத்தி முடிக்கும்வரை நான் கீழேயே நின்றேன். தகரத்தைப் பிடுங்கியதும் அந்த மூலை பளிச்சென்று ஆகிவிட்டது. உடனே சொல்லவேண்டும் போலக் கை பரபரத்தது.

அவர் கூப்பிடவில்லை. ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. பேத்தியை விட்டு அந்த நம்பருக்குப் போடச் சொன்னேன். அணைத்து வைத்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லிற்று. மறுநாளும் அதையே சொல்லிற்று. பேத்தி, "வேற நம்பர் மாத்தியிருப்பாக" என்றாள். அப்படித்தான் இருக்கும்.

அஞ்சரைக்கு முன்னால் நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போய்விடுகிறேன். தெற்கு மூலையில் நிற்பேன். நேற்று ஒரு சின்னப் பிள்ளை பந்தைப் பொறுக்க வந்து என்னைப் பார்த்தது.

"யாரத் தேடுறீக அப்பத்தா?"

"யாரையும் இல்லத்தா. வெளிச்சம் இருக்கான்னு பாக்க வந்தேன்."

"அதேன் இருக்குதுல்ல?"

"நல்லா இருக்கு" என்றேன். அதற்குள் அது பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது.